பாலர் வகுப்பில் ஓர் இடம்

1

அருளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா என்று ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறார்கள். சேர்த்தாயிற்று. எந்தப் பள்ளி, எப்படி இடம் கிடைத்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் வேறொரு பிள்ளையின் பெயர்தான் முதலில் வருகிறது. அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும்.

நாங்கள் இருப்பது ஈப்போவில். என் கணவர் சாமுவேல் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். நான் கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷமாகப் போகிறது. வந்தபோது இது மலாயா, இப்போது மலேசியா. ஊரில் நான் சிவகாசியில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவள். இங்கே என் சான்றிதழைக் கல்வி அலுவலகத்தில் மூன்று மேசைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்றாவது மேசையில் இருந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதோடு வீட்டில் இருந்துவிட்டேன்.

அருளுக்கு நாலு வயது முடிந்ததும் எங்கள் வீட்டில் பேச்சு முழுக்கப் பாலர் பள்ளியைப் பற்றித்தான். தமிழ்ச் சபை நடத்தும் வகுப்பு ஒன்று இருந்தது. பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாள் வீட்டு முன்னறையில் பத்துப் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். டவுனில் ஆங்கிலப் பள்ளியோடு சேர்ந்த கிண்டர்கார்டன் ஒன்று. அங்கே படித்த பிள்ளைக்குப் பெரிய பள்ளியில் இடம் தானாகக் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். சாமுவேல், "தமிழ் வகுப்பே போதுமே" என்றார். நான் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு கேள்வி. ஆங்கிலம் என்று எழுதினேன். எழுதியதை மெய்யாக்க வேண்டுமே, அதனால் ஆறு மாதம் அருளிடம் தமிழ் பேசுவதை நிறுத்தினேன். எனக்கு வந்த ஆங்கிலமோ புத்தக ஆங்கிலம். பிள்ளை தண்ணீர் கேட்டால் முழு வாக்கியமாகக் கேட்கச் சொல்லிக் காத்திருப்பேன். அவன் தாகத்தை மறந்து விளையாடப் போய்விடுவான்.

நேர்முகத்துக்குப் போன அன்று, மிஸ் லிம் என்ற இளம் டீச்சர் வாசலில் வந்து, "சாமுவேல்" என்று கூப்பிட்டாள். அருள் அசையாமல் அப்பாவைப் பார்த்தான். பிறப்புச் சான்றிதழ் எழுதிய குமாஸ்தா அப்பா பெயரையும் பிள்ளை பெயரையும் இடம் மாற்றி எழுதியதில், காகிதத்தில் அவன் சாமுவேல். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே படங்களைக் காட்டினாள். பந்து, வீடு, நாய், குடை. எல்லாவற்றுக்கும் அருள் முழு வாக்கியத்தில் பதில் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு மிஸ் லிம் படங்களை மூடிவைத்துவிட்டு, உனக்கு என்ன விளையாடப் பிடிக்கும் என்று கேட்டாள். அது நான் சொல்லிக்கொடுத்ததில் இல்லாத கேள்வி. அருள் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டாள். மேசைக்குக் கீழே நான் அவன் தொடையைக் கிள்ளினேன்.

"மம்மி பிஞ்ச்" என்றான், டீச்சரைப் பார்த்து, தெளிவாக.

மிஸ் லிம் என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூட மாற்றவில்லை. "அவன் செருப்பை அவனே மாட்டிக்கொள்ளட்டும். கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லப் பழகட்டும். அது போதும். மற்றதைச் சொல்லித்தரத்தானே நாங்கள் இருக்கிறோம்" என்றாள். இடமும் கொடுத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் சாமுவேல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸ் லிம் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் முன்னாலும் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் நின்றிருக்கிறாள். அவள் பெயர் குருவம்மாள்.

2

நயா பைசா வந்த ஐம்பத்தேழாம் வருஷம். எங்கள் பள்ளியில் புதிதாகப் பாலர் வகுப்பு தொடங்கினார்கள். குட்டி நாற்காலிகள், கோர்க்கிற மணிகள், மணல் தொட்டி, வெளிநாட்டிலிருந்து வந்த படஅட்டைகள். மொத்தம் இருபத்தைந்து இடம். பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்பதில் தலைமை டீச்சர் உறுதியாக இருந்தார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சேர்க்கிற பொறுப்பை என்னிடம் விட்டார்.

பள்ளிக்குப் பின்பக்கம், ஓடைக்கு அப்பால் இருந்த குடிசைகளுக்கு நான் போனேன். அங்கே இருந்தவர்கள் மழை பொய்த்ததால் கரிசக்காட்டு வேலையை விட்டுவிட்டுத் தீப்பெட்டி வேலைக்கு வந்தவர்கள். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுக் குருவம்மாள் தாளில் பசை தடவிக் கொடுத்தாள். பேச்சியம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இருந்தாலும் நான் அவளை "நீ" என்றுதான் பேசினேன். அவள் என்னை "நீங்க" என்றாள். அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

"பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு பேச்சி" என்றேன்.

"இவ போயிட்டா பசை தடவ ஆளு வேணுமே டீச்சர்."

"காலையில மட்டுந்தான். மத்தியானம் வந்துருவா. விளையாட்டு, பாட்டு, அம்புட்டுத்தான்."

"வெளையாடுறதுக்கா பள்ளிக்கூடம்?" என்று சிரித்தாள்.

நான் விடவில்லை. நாலு தடவை போனேன். ஐந்தாவது தடவை போனபோது அவளே கேட்டாள். "சேக்கணும்னா இவ என்ன தெரிஞ்சிருக்கணும் டீச்சர்?"

அங்கேதான் நான் வாக்குக் கொடுத்தேன். பெயர் சொல்ல வேண்டும், அப்பா அம்மா பெயர் சொல்ல வேண்டும், பத்து வரை எண்ண வேண்டும், ஐந்து நிறம் சொல்ல வேண்டும், ஒரு பாட்டுப் பாட வேண்டும். "இம்புட்டும் சொல்லிட்டா இவளுக்கு ஒரு இடம் என் பொறுப்பு" என்றேன்.

பேச்சியம்மாளுக்கு எண்ணத் தெரியும். நிறத்துக்கு அச்சாபீசில் கழித்துப் போட்ட லேபிள் தாள்களைப் பொறுக்கி வந்தாள். பாட்டுதான் அவளுக்குத் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் நான் கட்டிய கோழிக்குஞ்சுப் பாட்டு ஒன்று இருந்தது. அதைக் கற்றுக்கொள்ள, வேலை விட்டதும் அவளே என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையைக் கூட்டி வரவில்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் தனக்குத் தெரிய வேண்டும் என்றாள்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பொம்பளை, விரலிடுக்கில் பசை காய்ந்திருக்க, என் வாசற்படியில் உட்கார்ந்து கோழிக்குஞ்சு மாதிரி கையை விரித்துப் பாடினாள். முதல் நாள் கூச்சத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் பாட்டு முழுவதும் வந்துவிட்டது. மறந்துவிடக் கூடாதென்று ஓடையைத் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே போவாள். என் தம்பி அவளைப் போல நடந்து காட்டுவான், நானும் சிரிப்பேன்.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது குருவம்மாள் அம்புட்டும் சொன்னாள். நிறத்தில் ஐந்துக்குப் பதிலாக ஒன்பது சொன்னாள். அவள் மாதிரி சூட்டிகையான பிள்ளையை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. இன்று எழுதுகிறேன்.

3

இருபத்துநாலு இடம் நிரம்பிவிட்டது. கடைசி இடம் குருவம்மாளுக்கென்று மனதில் வைத்திருந்தேன்.

எங்கள் சபையில் அச்சாபீஸ் வைத்திருந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மாளை எல்லாரும் பிரஸ்காரம்மா என்போம். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஈப்போவில் ரயில்வே வேலை பார்க்கும் பையன் ஒருவன் அவருக்கு உறவு. எனக்கு அப்போது இருபத்தாறு முடிந்திருந்தது. எங்கள் அப்பா அந்த வரன் பேச்சு வந்ததிலிருந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பிரஸ்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒங் கிளாசுல எம் பேத்திக்கு ஒரு இடம் பாத்து வையி. லேட்டாத்தான் சொல்றேன், என்ன செய்ய. நாளைக்கு ஈப்போவுக்குக் கடுதாசி போடலாம்னு இருக்கேன். ஒம் போட்டோ ஒண்ணு குடுத்துவுடு, வச்சு அனுப்புறேன்."

அவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னதில் மிரட்டல் ஏதும் இல்லை. இரண்டும் அவருக்குச் சாதாரணக் காரியம். நான் இரண்டுக்கும் சரி என்றேன். போட்டோவை அன்று மாலையே கொடுத்து அனுப்பினேன்.

பேச்சியம்மாளிடம் போய் இடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பாள், கேட்டிருக்கட்டும். தலைமை டீச்சரிடம் சொல்லி இன்னொரு நாற்காலி போட்டிருக்கலாம். அவர் ஏன், யாருக்காக என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். எல்லாருக்கும் நல்லவளாக இருக்க வேண்டும் எனக்கு. அதற்கு ஒரே வழி, பிள்ளையே தோற்றுப்போவதுதான்.

திங்கட்கிழமை காலை பேச்சியம்மாள் வேலைக்குப் போகாமல் வந்தாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, மஞ்சள் பாவாடை தைத்துப் போட்டிருந்தாள். தலைமை டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குருவம்மாள் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்த முகம் அல்லவா.

நான் அவள் பெயரைக் கேட்கவில்லை. வெளிநாட்டுப் படஅட்டை ஒன்றை எடுத்தேன். பனியில் செய்த பொம்மை. "இது என்ன?" என்றேன்.

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த அட்டை, பனியில் இழுக்கிற வண்டி. அடுத்தது, மரத்தில் தொங்கும் ஏதோ ஒரு பழம். அதன் பெயர் எனக்கே சரியாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் "இது என்ன, சொல்லு" என்றேன்.

பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள். திடீரென்று கைகளை விரித்துக் கோழிக்குஞ்சுப் பாட்டை ஆரம்பித்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன்.

பாட்டு நின்றது. கைகள் விரித்தபடியே இருந்தன. சற்று நேரத்தில் மஞ்சள் பாவாடை நனைந்து தரையில் ஈரம் பரவியது. வாசலில் நின்ற பேச்சியம்மாள் ஓடிவந்து, முந்தானையால் தரையைத் துடைத்தாள். "பயந்துட்டா டீச்சர். வீட்டுல அம்புட்டும் சொல்லுவா. நீங்கதான் பாத்தீகள்ல" என்றாள்.

தலைமை டீச்சர் என்னைப் பார்த்தார். "நீ கேட்டிருக்கியா, சொல்லுவாளா?"

"இல்ல டீச்சர். அப்பவும் இப்படித்தான்" என்றேன்.

பிறகு பேச்சியம்மாளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மந்தமா இருக்கு பேச்சி. நீ மனச விட்றாத" என்றேன். ஆறுதல் சொல்கிறவள் மாதிரி அவள் தோளைத் தொட்டேன்.

அவள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூட வாசல் தாண்டியதும் முதல் அடி விழுந்த சத்தம் கேட்டது. நான் அடுத்து பிரஸ்காரம்மா பேத்தியின் பெயரைக் கூப்பிட்டேன்.

மறு வருஷம் நான் ஈப்போவுக்குக் கப்பல் ஏறினேன்.

4

மிஸ் லிம்மைப் பார்த்துவிட்டு வந்த அன்று இதையெல்லாம் சாமுவேலிடம் சொன்னேன். எட்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். தன் கல்யாணத்தின் அடியில் இப்படி ஒன்று கிடப்பதை எந்த மனுஷன்தான் விரும்புவான்?

"கடுதாசி எழுதேன்" என்றார் கடைசியில்.

எழுத உட்கார்ந்தேன். பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் மகளுக்கும் தெரிந்திருக்காது, அதற்கு நானே காரணம். யாரோ ஒரு தபால்காரர் நடுத்தெருவில் நின்று இதை அவளுக்குப் படித்துக்காட்டுவார் என்று நினைத்ததும் தாளைக் கிழித்துவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். அருளுக்கு ஜனவரியில் வகுப்பு தொடங்கும், அதற்குள் தாத்தாவைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்லிக்கொண்டோம். விருதுநகரில் ரயில் மாறும்போது அருள் என் காதில் ஆங்கிலத்தில், எல்லாரும் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டான். அவர்கள் சண்டை போடவில்லை. ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தமிழ் இரைச்சலாகக் கேட்கும்படி ஆக்கியதும் நான்தான்.

ஓடைக்கு அப்பால் குடிசைகள் இருந்தன, பேச்சியம்மாள் இல்லை. பட்டாசு வேலைக்காகத் தாயில்பட்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அருளை என் தம்பி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

5

பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க டீச்சர், எப்ப வந்தீக? அக்கரைச் சீமையில சொகமா இருக்கீகளா?" என்று பாயை உதறிப் போட்டாள். முன்பல் இரண்டு போயிருந்தது. முடி பாதி நரைத்திருந்தது. இந்தத் தடவை நான் "நீங்க" என்று பேசினேன். அவளுக்கு அது புரியவில்லை, வேறு யாரையோ சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தாள்.

"குருவம்மா எங்க?" என்றேன்.

"வேலைக்குப் போயிருக்கா. வர்ற நேரந்தான். அவ தம்பி ஒருத்தன் இருக்கான், மூணாப்புப் படிக்கான். நல்லாப் படிப்பான்."

"குருவம்மா பள்ளிக்கூடம் போகலையா?"

"நீங்கதான அன்னைக்கே சொன்னீக, புத்தி மந்தம்னு." அவள் குறையாகச் சொல்லவில்லை. "அதுக்குப் பொறவு இங்கன உள்ள வாத்தியாரு வந்து கூப்புட்டாரு. மத்தியானச் சாப்பாடு போடுதோம், அனுப்புங்கன்னாரு. நாந்தான், இவளுக்குப் படிப்பு ஏறாதுய்யா, சிவகாசி டீச்சரு பாத்துச் சொல்லிட்டாகன்னு அனுப்பல. சின்னவன மட்டும் போட்டேன். படிச்சவுக பாத்துச் சொன்னா சரியாத்தான இருக்கும்."

வருகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கோத்து வைத்திருந்தேன். பேச்சியம்மாள், குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அப்போதுதான், வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்பது நிறம், பிரஸ்காரம்மா, போட்டோ, பனிப்பொம்மை, "அப்பவும் இப்படித்தான்" என்று நான் சொன்ன பொய், எதையும் விடவில்லை.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் அடிச்சேன்" என்றாள். "ஏன் சொல்லல, ஏன் சொல்லலன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். அவ, 'அந்தப் படம் நீ சொல்லித் தரலையேம்மா'ன்னா. அதுக்கும் ஒண்ணு குடுத்தேன்."

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்கக்கா."

"ஒங்கள சொல்லி என்ன ஆகப் போகுது. எங்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க."

குருவம்மாள் வந்தாள். பதினாலு வயது. ஒல்லியாக, உயரமாக இருந்தாள், விரல்களிலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் ஏறியிருந்தது. என்னை அவளுக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாள் யார் என்று சொன்னாள். பிள்ளை ஓரடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றுகொண்டாள்.

மறுபடியும் சொன்னேன். தாயிடம் சொன்னதைவிடப் பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது. நான் முடித்ததும் கேட்டாள்:

"அப்ப எனக்குப் படிப்பு வந்திருக்குமா?"

"வந்திருக்கும்" என்றேன். "அந்த வருஷம் நான் பார்த்த பிள்ளைகள்ல நீதான் நல்ல சூட்டிகை."

"எங்க கம்பெனியில திரி வெட்டுறதுக்குப் புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நாந்தான் சொல்லிக் குடுக்கேன்" என்றாள். "ரெண்டு நாள்ல படிச்சிருவாக. ஆனா நா சொல்லிக் குடுக்கிறது சரிதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கும். நா மந்தம்லா."

இங்கே ஒரு இரவுப் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன், என் தம்பியிடம் சொல்கிறேன் என்று ஏதேதோ ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தாயின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாம்மா. இனிமே என்னைய மந்தம்னு சொல்லாத."

"இல்லத்தா" என்றாள் பேச்சியம்மாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "சொல்ல மாட்டேன்."

பேச்சியம்மாள் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். "சோறு இருக்கு டீச்சர், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள், வழக்கத்தில் வந்த வார்த்தையாக.

குருவம்மாள் தண்ணீர்ப் பானைக்கு அருகே நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அவுகளுக்கு பஸ்ஸு வந்துரும்மா. போகட்டும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.